மறந்துட்டா சரியாயிடுமா பாஸ்?

பரீட்சைக்கு முந்தின ராத்திரி, படிச்சதெல்லாம் மண்டைக்குள்ள குழம்பிக் கிடக்கும்போது, 'மூளைக்கு ஒரு ரீசெட் பட்டன் இருந்தா எப்படி இருக்கும்?'னு யோசிச்சிருக்கீங்களா? நமக்கு இல்லாத அந்த வசதி காருக்கு இருக்கு. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டினா போதும், பல கார்களோட 'மூளை' கத்துக்கிட்டதை எல்லாம் மறந்துடும். சூப்பர் மேட்டர்ல? அப்படித்தான் நானும் நினைச்சேன். நினைச்சு, ஒரு மனுஷனோட பொழப்புல கை வெச்சேன். இந்த வாரம் அந்தக் கதைதான்.

ஊர் திருவண்ணாமலை. என் மாமா டாக்ஸி ஓட்டறார். பௌர்ணமி வந்தா ஊரே 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும். மாமாவுக்கு மட்டும் அன்னிக்குத் தூக்கம் கிடையாது. மத்த நாள்ல ஆசிரமத்துக்கு வர்றவங்களைக் கூட்டிவர சென்னை ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் ட்ரிப் அடிப்பார். கார் ஒரு பழைய பெட்ரோல் செடான். என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அந்தக் கார் சம்பாதிச்சது. இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க.

லீவுக்குப் போன என்கிட்ட மாமா சாவியைக் கொடுத்து, "இன்னாடா மாப்ளே, மெக்கானிக்கல் படிக்கிறே... வண்டி கொஞ்சம் டல்லா இருக்கு, பாரேன்"னார். ஏர் ஃபில்டரை மாத்தி, பிளக்கைத் துடைச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். ஆனா நாம யாரு? வருங்கால இன்ஜினீயராச்சே! சீனியர் ஒருத்தர் 'ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போடு மச்சி, வண்டி பறக்கும்'னு உசுப்பேத்த, ஒரு பட்டறையில சைலன்ஸர் பைப்பை மாத்தினோம். சத்தம் கும்முனு வந்துச்சு. மாமா முகம்தான் கொஞ்சம் சுருங்கிச்சு. "மைலேஜும் ஏறும் மாமா"னு கூசாம அடிச்சுவிட்டேன்.

மூணாவது நாள் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் லைட். மைலேஜ் 14-ல இருந்து 11-க்கு இறங்கிடுச்சு. சென்னை போய் வர சுமாரா 370 கிலோமீட்டர். கணக்குப் போடுங்க... ஒரு ட்ரிப்புக்கு ஏழு லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய்னே வெச்சாலும் 700 ரூபாய் காலி!

எனக்கு போன் வந்தது. "பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க மாமா, மூளை ரீசெட் ஆயிடும்"னேன். மாட்டினார். லைட் போச்சு. 'நம்ம மருமவன் கில்லாடி'னு அத்தைகிட்ட சொன்னாராம். ரெண்டே நாள்ல லைட் திரும்ப வந்துடுச்சு. மறுபடி ரீசெட், மறுபடி லைட். ஒரு மாசம் இப்படியே ஓடிச்சு.

இப்போ கொஞ்சம் கிளாஸ் ரூமுக்குப் போவோம் (தூங்காதீங்க, ப்ளீஸ்!).

பெட்ரோல் முழுசா எரியணும்னா ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேணும். எத்தனால் கலந்தா இந்தக் கணக்கு குறையும். சுத்த எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கார்பரேட்டர் காலத்துல இதையெல்லாம் மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி, காதால கேட்டு செட் பண்ணுவார். 2000-ம் ஆண்டுல புகை விதிகள் இறுகினப்போ நம்ம நாட்டு கார்கள் வேகமா எம்.பி.எஃப்.ஐ-க்கு மாறின. ஸ்க்ரூ வேலையை இ.சி.யு.ங்கிற சின்ன கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு.

இ.சி.யு-வுக்குள்ள ரெண்டு விதமான அறிவு இருக்கு. ஒண்ணு, கம்பெனி எழுதிக் கொடுத்த பாடப் புத்தகம். 'இவ்ளோ காற்று, இவ்ளோ ஸ்பீடுன்னா இவ்ளோ பெட்ரோல்'னு ஒரு அட்டவணை. இதுதான் மேப். ரெண்டாவது, அனுபவ அறிவு. புகைக் குழாய்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார், எரிஞ்ச பிறகு ஆக்ஸிஜன் எவ்ளோ மிச்சம்னு சொல்லிட்டே இருக்கும். மிச்சம் அதிகமா இருந்தா 'பெட்ரோல் பத்தலை'னு இ.சி.யு கொஞ்சம் கூட்டும். கம்மியா இருந்தா குறைக்கும். அப்படிக் கூட்டிக் குறைச்சதை நோட்ஸ் மாதிரி எழுதி வெச்சுக்கும். இந்த நோட்ஸுக்குப் பேர் ஃப்யூயல் ட்ரிம்.

ரீசெட் பண்ணினா அழியறது இந்த நோட்ஸும், கோளாறு கோடுகளும்தான். பாடப் புத்தகம் அழியாது. ரீமேப் பண்ணின காரா இருந்தாலும் பேட்டரி வயரைக் கழட்டி அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. புது கார்கள் பலவற்றில் நோட்ஸ்கூட பேட்டரியைக் கழட்டினா அழியாது, ஸ்கேனர்தான் வேணும்.

சரி, மாமா கார்ல என்னதான் பிரச்னை? பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு வயசான மெக்கானிக்தான் கண்டுபிடிச்சார். ஸ்கேனர் 'பி0171'னு காட்டிச்சு. அதாவது, கலவையில பெட்ரோல் கம்மி. பெரியவர் பிளக்கைக் கழட்டிப் பார்த்தார். கன்னங்கரேல்னு புகைக் கரி! பெட்ரோல் அதிகமானாத்தான் பிளக் அப்படிக் கறுக்கும். "மெஷின் கம்மிங்குது, பிளக்கு ஜாஸ்திங்குது. பிளக்கு பொய் சொல்லாது தம்பி"ன்னார். அப்புறம் குனிஞ்சு, நாங்க மாத்தின பைப்போட ஜாயின்ட்டைத் தடவினார். கேஸ்கெட் சரியா உட்காரலை. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடியே ஓட்டை!

ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல அந்த ஓட்டை வழியா வெளிக்காற்று உள்ளே போயிருக்கு. சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து 'பெட்ரோல் பத்தலை'னு அலற, இ.சி.யு நல்ல பிள்ளையா ஊத்து ஊத்துனு ஊத்தியிருக்கு. ரீசெட் பண்ணினதும் நோட்ஸ் அழியும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். சென்சார் மறுபடி அதே பொய்யைச் சொல்ல, இ.சி.யு மறுபடி அதையே கத்துக்கும். லைட் மட்டும் ஏன் ரெண்டு நாள் வரலை? இந்த மாதிரி கோளாறை அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல பார்த்தாத்தான் பல கார்கள் லைட்டையே போடும். நான் குணமாக்கினது வண்டியை இல்லை பாஸ்... லைட்டை!

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சா, அது ஓவரா சூடாகி உருகவே வாய்ப்பு இருக்கு. மாத்தணும்னா ஆயிரக்கணக்குல செலவு. நல்ல வேளை, மாமா வண்டியில அதுவரைக்கும் போகலை. பழைய சைலன்ஸரையே திரும்ப மாட்டி, புது கேஸ்கெட் போட்டார் பெரியவர். அதுக்கு அப்புறம்தான் ரீசெட்.

இந்த வரிசைதான் ரொம்ப முக்கியம் ஃப்ரெண்ட்ஸ். முதல்ல கோடைப் படிச்சு எழுதி வைங்க. அழிச்சுட்டா, கோளாறு வந்த நேரத்து ஸ்பீடு, சூடு எல்லாப் பதிவும் சேர்ந்து போயிடும். ரெண்டாவது, கோளாறைச் சரி பண்ணுங்க. மூணாவதுதான் ரீசெட். பிறகு, கார் மறுபடி கத்துக்க டைம் கொடுங்க. ஏ.சி போடாம இன்ஜின் நல்லா சூடாகற வரைக்கும் ஐடிலிங்ல விடுங்க, அப்புறம் ஏ.சி போட்டுக் கொஞ்ச நேரம். பிறகு டவுன் டிராஃபிக்ல கொஞ்சம், செங்கம் ரோடு மாதிரி நேர் ரோட்டுல சீரான வேகத்துல கொஞ்சம், ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு உருள விட்டுக் கொஞ்சம். எல்லாத்தையும் மறுபடி கத்துக்க சில நாள்கூட ஆகும். வண்டிக்கு வண்டி முறை மாறும், மேனுவலைப் பார்த்துக்கங்க.

'அப்போ மாடிஃபிகேஷனே தப்பா?'னு கேட்கறீங்களா? இடம் பார்த்துப் பண்ணணும், அவ்ளோதான். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கிற 'ஃபார்முலா பாரத்' போட்டியில நம்மை மாதிரி பசங்கதான் காரையே கட்டி ஓட்டறாங்க. பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போற வழியை 20 மில்லிமீட்டருக்குச் சுருக்கணும்னு அங்கே ரூல். அதனால கம்பெனி மேப் ஒத்துவராது. டீம்கள் இ.சி.யு-வையே புதுசா மாட்டி, டேட்டா எடுத்து, மேப்பை ஒவ்வொரு கட்டமா திருத்தறாங்க. வித்தைங்கறது அது!

ரோட்டுல கதை வேற. கம்பெனி கொடுத்த விவரங்களை மாத்தற மாதிரி வண்டியில கை வைக்கக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. எஃப்.சி-க்குப் போக வேண்டிய டாக்ஸியில நான் பண்ணினது எவ்ளோ பெரிய முட்டாள்தனம்னு இப்போ புரியுதா?

கடைசியா, மாமா மேட்டர். ஒரு மாசத்துல பத்து ட்ரிப்னு வெச்சாலே 7,000 ரூபாய் புகையாப் போயிருக்கு. மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அத்தை சொல்லித்தான் தெரிஞ்சது, அந்த மாசம் மோதிரத்தை அடகு வெச்சு என் ஃபீஸைக் கட்டியிருக்கார். தயங்கித் தயங்கிப் போய், "சாரி மாமா, அதை மறந்துடுங்க"ன்னேன்.

"மறந்துட்டா சரியாயிடுமாடா? எங்கே ஓட்டைன்னு பார்த்து அடைக்கணும், அப்புறம் மறக்கணும்"னார் சிரிச்சுக்கிட்டே. நாலு வருஷ சிலபஸ்ல இல்லாததை ஒரே வரியில சொல்லிட்டார்!

இப்போ இந்தப் பத்திரிகை தர்ற சின்ன சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கறேன். மோதிரம் இன்னும் கடையிலதான் இருக்கு. மீட்டதும் சொல்றேன். அதுவரைக்கும் நோ ரீசெட்!