மருந்து தீவனத்திலா, தரையிலா?

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலையும் தொடங்கிவிடுகிறது. நேற்றுவரை ஓடியாடிய குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்குகின்றன. எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. ஓரிரு நாளில் சில மடிந்தும் போகின்றன. உடனே பக்கத்து வீட்டார், "தீவனத்தில் மருந்து கலந்து போடுங்கள்" என்று யோசனை சொல்வார்கள். மாணவ நண்பர்களே, அந்த யோசனை தவறன்று. ஆனால் அது பாதி யோசனைதான் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

இந்த நோய்க்கு இரத்தக் கழிச்சல் என்று பெயர். வெள்ளைக் கழிச்சலை உண்டாக்குவது வைரஸ். இதை உண்டாக்குவதோ ஐமீரியா என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவு. கோழிகளைத் தாக்கும் ஐமீரியாக்களில் பல இனங்கள் உண்டு. இவை மனிதருக்குத் தொற்றுவதில்லை.

நோயுற்ற கோழியின் எச்சத்தோடு ஐமீரியாவின் நுண்ணிய கூடுகள் வெளிவருகின்றன. இவற்றை ஊசிஸ்ட் என்பார்கள். வெளிவந்தவுடன் இவற்றால் தீங்கில்லை. ஈரம், வெதுவெதுப்பு, பிராணவாயு ஆகிய மூன்றும் கிடைத்தால்தான் ஓரிரு நாளில் பக்குவமடைந்து நோய் தரும் ஆற்றலைப் பெறுகின்றன. பக்குவமடைந்த கூட்டைக் குஞ்சு கொத்தித் தின்றால், அதிலிருந்து எட்டு நுண்ணுயிர்கள் வெளிப்பட்டுக் குடற்சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒரு கூடு பல ஆயிரம் கூடுகளாகிவிடுகிறது. கூட்டின் உறை மிகக் கெட்டியானது. சாதாரணக் கிருமிநாசினிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கடும் வெப்பத்தையும் வறட்சியையும் அதனால் தாங்க முடியாது. சென்னைப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஏரிகள் சூழ்ந்த இந்த மேற்குப் புறநகர்களில் அந்த மாதங்களில் தரையின் ஈரம் எளிதில் காய்வதில்லை. நோய் மழையோடு வருவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இனி மருந்தைப் பார்ப்போம். 1948இல் சல்ஃபாகுவினாக்சலின் என்னும் மருந்தைத் தீவனத்தில் தொடர்ந்து கலக்கும் வழக்கம் தொடங்கியது. 1960இல் ஆம்புரோலியம் வந்தது. இது தையமின் என்ற பி1 வைட்டமினைப் போன்ற உருவமுடையது. ஒட்டுண்ணி இதனிடம் ஏமாந்து, தனக்கு வேண்டிய வைட்டமினைப் பெறாமல் மடிகிறது. 1971இல் அமெரிக்காவில் மொனென்சின் புழக்கத்துக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த இது, ஒட்டுண்ணியின் உடலில் உப்புச் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான கறிக்கோழிகளை ஒரே கொட்டகையில் வளர்க்க முடிவதற்கு இத்தகைய மருந்துகள் பெருங்காரணம். ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006இல் முற்றிலும் நிறுத்தியபோதும், இரத்தக் கழிச்சல் மருந்துகளைக் கட்டுப்பாட்டுடன் அனுமதித்தது. ஆகவே "மருந்தே கூடாது" என்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் ஒரே மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் என்ன ஆகும்? மருந்துக்கு மடியாத சில ஒட்டுண்ணிகள் தப்பிப் பெருகும். நாளடைவில் பண்ணை முழுவதும் அவற்றின் சந்ததியே நிறையும். நீங்கள் பாடத்தில் படிக்கும் இயற்கைத் தேர்வு கோழிக் கொட்டகையில் நடக்கிறது! எல்லா மருந்துகளுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மேலும், அளவு தவறினால் மருந்தே விஷம். மொனென்சின் கலந்த கோழித் தீவனம் குதிரையைக் கொன்றுவிடும்.

மாற்று வழிகள் என்ன? ஒன்று தடுப்பூசி. உயிருள்ள ஊசிஸ்ட்டுகளைச் சிறிதளவு கொடுத்து எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் முறை அமெரிக்காவில் 1952இலேயே விற்பனைக்கு வந்தது. ஓர் இனத்துக்குப் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்ற இனத்தைத் தடுக்காது என்பதால், பல இனங்களைச் சேர்த்துத் தரவேண்டும். மற்றொன்று மஞ்சள், பூண்டு போன்ற கைமருந்துகள். இவற்றை ஆராய்ந்துவருகிறார்கள், எல்லாச் சோதனைகளிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஐமீரியா குடலில் சில தலைமுறைகள் பெருகியபின் தானே வெளியேறிவிடும். பிழைத்த குஞ்சு மருந்தில்லாமலும் தேறியிருக்கலாம். மருந்து கொடுத்த குஞ்சுகளோடு கொடுக்காத குஞ்சுகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மருந்தையும் புகழக்கூடாது. இது கைமருந்துக்கு மட்டுமன்று, கடைமருந்துக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் மலிவான மாற்று, உலர்ந்த தரை. உமியோ மரத்தூளோ பரப்பிய கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது; உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றிவையுங்கள். சிந்திய இடத்துக் கூளத்தை அன்றன்றே அகற்றுங்கள். சாக்கைத் தொங்கவிட்டுச் சாரலைத் தடுக்கலாம். ஆனால் காற்றை அடைத்துவிடாதீர்கள். வளர்ந்த கோழி நோய்க்குறியே இல்லாமல் ஊசிஸ்ட்டைச் சுமக்கக்கூடும். ஆதலால் குஞ்சுகளைத் தனியே வையுங்கள். அப்படியும் எச்சத்தில் இரத்தம் கண்டால் காத்திராமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். அந்த மருந்துக்குரிய விலக்கு நாட்கள் முடியும்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணாதீர்கள்.

ஈரத்தரையை அப்படியே விட்டுவிட்டுத் தீவனத்தில் மட்டும் மருந்து கலப்பது, ஓட்டைக் கூரையை வேயாமல் வீட்டுக்குள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். நாளைக்கும் மருந்து வேலை செய்யவேண்டுமானால், இன்று அதற்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கவேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த மழைக்குமுன் கூளத்தைப் பார்த்துவிடுங்கள்.