தங்கத்தைக் கண்டுபிடித்தது யார்?

கோலார் தங்கவயலில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவு மண்ணை ஏலத்தில் விடலாம் என்ற மத்திய சர்க்காரின் யோசனைக்கு, 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. 13 குன்றுகள். அவை கிடக்கும் நிலம் சுமார் ஆயிரம் ஏக்கர். மண்ணின் எடை மூன்று கோடி டன்னுக்கு மேல். ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் இருக்கிறது. ஆனாலும் தங்கம் விற்கும் விலைக்கு அதை எடுத்தால் லாபம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஏலம் என்று வந்தால் பொருள் யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்த மண்ணைப் பாதாளத்திலிருந்து தோண்டி மேலே கொண்டுவந்தவர்கள் யார்? இடித்து மாவாக்கியவர்கள் யார்? அதில் தங்கம் இருக்கிறது என்று முதலில் அறிந்தவர்கள்தாம் யார்? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் ஏல மணி அடிப்பது நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

பூமிக்குள் தங்கம் எப்படி வந்தது?

முதலில் மண்ணின் கதையைப் பார்ப்போம். கோலார் தங்கவயலின் பாறை சுமார் 270 கோடி ஆண்டுப் பழமையானது. அன்று அங்கே கடல் இருந்தது. கடலடியில் எரிமலைக் குழம்பு கக்கி, உறைந்து, கரும்பச்சைக் கல்லாயிற்று. பிறகு இரு பக்கமும் கருங்கல் பாறை எழும்பி, அந்தக் கரும்பச்சைக் கல்லை நடுவில் வைத்து நசுக்கியது. இப்படி உண்டான கல்பட்டை வடக்குத் தெற்காக சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அகலமோ சில கிலோமீட்டர்தான். அதன் தென்கோடி ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவைக் கடந்து நம் கிருஷ்ணகிரிப் பக்கம் வரை வருகிறது.

நசுங்கிய கல்லில் வெடிப்பு விழும். அந்த வெடிப்புகளின் வழியே ஆழத்திலிருந்து கொதிநீர் ஏறிற்று. அதில் மணற்சத்தான சிலிக்காவும் துளித் துளியாகத் தங்கமும் கரைந்திருந்தன. நீர் ஆறியபோது இரண்டும் வெடிப்புக்குள்ளேயே படிந்தன. கரும்பாறைக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஓடும் பளிங்குக்கல் அப்படி வந்ததுதான். கிணறு வெட்டுகிற நம் தோழர்கள் இதைப்போன்ற வெள்ளை நரம்பைப் பாறையில் பார்த்திருப்பார்கள். எல்லா வெள்ளை நரம்பிலும் தங்கம் இருப்பதில்லை. கோலாரில் இருந்தது.

அந்த நரம்புகளில் பேர்போனது ‘சாம்பியன்’ ரீஃப். மேற்கே சாய்ந்து, ஏறக்குறையச் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்குகிறது. நீளம் மைல் கணக்கில் இருந்தாலும், கனம் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் கை விரித்தால் எட்டிவிடும் அளவுதான். ஓரிடத்தில் பருக்கும், ஓரிடத்தில் மெலியும், ஓரிடத்தில் அற்றுப்போகும், அப்பால் மீண்டும் தலைகாட்டும். தங்கமும் கட்டியாகக் கிடைப்பதில்லை. டன் கணக்கில் கல்லை உடைத்தால் கிராம் கணக்கில் தேறும்.

இயற்கை செய்தது இவ்வளவே. மீதியெல்லாம் உழைப்பு. தேடுவதும் உழைப்பு, தோண்டுவதும் உழைப்பு, இடிப்பதும் உழைப்பு.

பெயர் பெற்றவர்களும் பெயர் இல்லாதவர்களும்

கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று புத்தகங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் பெயர் வருகிறது. வாரன், லவெல், பிளம்மர். அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல நமக்கு ஆசை இல்லை. ஆனால் அவர்கள் எங்கே பார்த்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் எல்லையை அளக்க வந்த ராணுவ அதிகாரி ஜான் வாரன். 1802-ல் உரிகம் பக்கம் வந்தபோது, மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற ஊர்ப் பேச்சு அவர் காதில் விழுந்தது. தங்கம் காட்டுபவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். கிராமத்தார் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அலசி, பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் அவர் பழைய குழிகளையும் பார்த்தார். அந்தக் குழிகளில் இறங்கியவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்கள். ஆண்கள் உள்ளே கல்லை உடைத்துக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசித் தங்கம் பிரித்தார்கள். இதையெல்லாம் வாரனே எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் பெயர் நிலைத்தது. காட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

எழுபது ஆண்டு கழிந்தது. நியூஸிலாந்தில் யுத்தம் செய்துவிட்டு வந்து பெங்களூரில் தங்கியிருந்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், வாரன் எழுதியதைப் படித்தார். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் போய்ப் பார்த்தார். சர்க்காருக்கு மனுப் போட்டு 1875-ல் தோண்டும் உரிமை பெற்றார். கையில் பணம் இல்லை. உரிமையை மற்றவர்களுக்கு விற்றார். கை மாறிக் கை மாறி அது லண்டன் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தது.

1880-ல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது. சில ஆண்டுகளில் மூலதனம் கரைந்துபோயிற்று, தங்கமோ வரவில்லை. மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு மூடிவிடலாம் என்ற பேச்சே எழுந்தது. அந்த நிலையில்தான் சுரங்க நிபுணர் பிளம்மர் பழைய குழிகளைத் தொடர்ந்து, அவற்றுக்கும் கீழே இறங்கித் தோண்டினார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது. லண்டனில் பங்கு விலை ஏறிற்று.

ஆக, நிபுணருக்கு வழி காட்டியது எது? பெயர் தெரியாத நம் முன்னோர்கள் உளியும் சுத்தியும் கொண்டு வெட்டிய பள்ளம். அவர்கள் நின்ற இடத்தில் தண்ணீர் இறைக்க யந்திரம் இல்லாததால் நின்றார்கள். யந்திரம் உள்ளவர்கள் அதற்குக் கீழே போனார்கள். இதுதான் கண்டுபிடிப்பின் முழுக்கதை.

மண்ணையும் உழைப்பையும் விட்டுவிட்டுச் சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அதே காலத்தில், 1880-ஐ ஒட்டி, நீலகிரிப் பக்கம் தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில் தங்கம் என்று லண்டனில் பெரிய ஆரவாரம். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. பந்தலூர்க் காட்டுக்குள் குதிரைப் பந்தய மைதானம்கூட அமைத்தார்கள். கல்லைச் சோதித்துப் பார்த்தால் செலவுக்குக் கட்டவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. பங்கை ஏற்றி விற்றவன் தப்பினான். காட்டில் கல் உடைத்தவன் பிழைப்பை இழந்தான்.

வெள்ளைக்கல் கொடுத்தது என்ன?

கோலாரில் கல் ஏமாற்றவில்லை. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. ஐந்து கோடி டன் கல் இடிபட்டது. சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும் என்று 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்தார்கள். சுரங்கத்துக்கு வந்த அந்த விளக்கு, இடித்த கைகளின் குடிசைக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்பதைத் தங்கவயல் முதியவர்களைக் கேளுங்கள்.

அந்தக் கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பண்ணையாரின் கீழே வதைபட்ட ஆதிதிராவிட மக்கள் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி அங்கே போனார்கள். போன இடத்தில் பண்ணையார் இல்லை, துரை இருந்தார். தொழிலாளி கையில் எண் போட்ட காப்பு மாட்டிய காலமும் உண்டு. 1930-ல் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய வந்தபோது, ‘நாங்கள் என்ன கைதிகளா?’ என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 1946 போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்குத் தொழிலாளர்கள் பலியானார்கள். தங்கவயல் அவர்களை மறக்கவில்லை.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை பொறுக்காது. 60 டிகிரிக்கு மேல் சூடு. மேலே உள்ள மலைப்பாரம் முழுதும் அழுத்துவதால், வெட்டிய இடத்தில் பாறை திடீரென்று குண்டுபோல் வெடிக்கும். தொழிலாளர்கள் அதை ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்கள். எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதையும்விடக் கொடியது ஒன்று உண்டு. தங்கத்தைப் பொதிந்து வைத்திருக்கும் அந்த வெள்ளைக்கல் சுத்தமான சிலிக்கா. துளை போடும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசு நுரையீரலில் படிந்து, அங்கேயே வடுவாகிவிடும். பஞ்சாலைத் தோழர்களுக்குப் பஞ்சுத் தூசு என்றால் என்ன என்று தெரியும். கல் தூசு அதைவிடக் கடுமையானது. 1940களில் கோலார்த் தொழிலாளர்களைப் பரிசோதித்த டாக்டர்கள், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் இருப்பதைக் கண்டார்கள். ஒரே கல். தங்கம் கம்பெனிக்கு, தூசு தொழிலாளிக்கு. இப்படித்தான் பங்கு பிரித்தார்கள்.

‘நஷ்டம்’ என்றால் என்ன?

1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கியது. 1962-ல் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. அது நல்ல காரியம். ஆனால் கொழுத்த பகுதியை அதற்கு முன்பே வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த கல், கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராம்தான் கொடுத்தது. ஆழமோ கூடிக்கொண்டே போயிற்று. நஷ்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள்.

நஷ்டமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. கல்லில் தங்கம் குறைந்தது மெய். ஆழத்தில் செலவு ஏறியதும் மெய். ஆனால் மூடிய அந்த ஆண்டைக் கவனியுங்கள். உலகச் சந்தையில் தங்கம் இருபதாண்டு காணாத மலிவில், அவுன்ஸ் 270 டாலரை ஒட்டிக் கிடந்த நேரம் அது. 2024-லோ அது இரண்டாயிரம் டாலரைத் தாண்டி நின்றது. இடையில் பூமி மாறவில்லை. கல்லும் மாறவில்லை. மாறியது விலை மட்டும். எது கனிமம், எது வெறுங்கல் என்று முதலாளித்துவ உலகத்தில் தீர்ப்புச் சொல்வது சந்தை. அந்தத் தீர்ப்புக்குத் தொழிலாளியின் அடுப்பு அணைந்தது. விலை ஏறியதும், அன்று கழிவு என்று கொட்டிய மண் இன்று சொத்தாகிவிட்டது!

அந்த மண்ணின் விசேஷம் என்ன? அதைத் தோண்ட வேண்டாம், மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். அந்த வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. முடித்தவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். அவர்களில் பலர் அதற்கு நுரையீரலை விலையாகக் கொடுத்தார்கள். ஏலம் எடுப்பவனுக்கு மலிவாகக் கிடைக்கப்போவது தங்கம் மட்டுமல்ல; நூற்றாண்டு உழைப்பும் சேர்த்துத்தான். அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகளோ விடியுமுன் ரயிலேறி, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

நாம் கோருவது

கழிவு மண்ணில் மிச்சமுள்ள தங்கத்தைப் பொதுத்துறை எடுக்கட்டும். வரும் வருவாயில் ஒரு பங்கு தங்கவயல் மக்களுக்கு என்று சட்டத்தில் எழுதப்படட்டும். தொழிலாளர்கள் தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் அவர்கள் பெயருக்கே பட்டாவாகட்டும். சிலிகோசிஸ் கண்ட முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் சிகிச்சையும் நஷ்ட ஈடும் கிடைக்கட்டும். சயனைடு கலந்து கொட்டிய மண்ணைக் கிளறும்போது தூசு வீடுகள்மேல் பறக்காமலும் விஷம் கிணற்றில் இறங்காமலும் காக்கும் ஏற்பாடு முதலில் வரட்டும். மண்வாரி யந்திரம் பிறகு வரட்டும். வேலை பிறந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே முதல் உரிமை.

கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கோலாரின் கல்பட்டை உங்கள் எல்லைவரை வருகிறது. நாளை யாரேனும் துளைக் கருவியோடு உங்கள் காட்டுக்கு வரலாம். வந்தால், யாருக்காக, எந்த நிபந்தனையில் என்று கிராமமே கூடிக் கேளுங்கள். மண்ணைச் சோதிப்பதை நாம் எதிர்க்கவில்லை. பூமிக்குள் இருப்பதை அறிவது மனித குலத்துக்கு நல்லது. அறிந்தவன் ஒருவன், அனுபவிப்பவன் ஒருவன் என்ற பழைய கதை மறுபடி நடக்கக் கூடாது என்பதே நம் கட்சி.

1802-ல் உரிகத்து மக்கள் வாரனுக்குத் தங்கத்தைக் காட்டினார்கள். சரித்திரம் அவர்கள் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. இந்த முறை பங்கு கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் பெயரும் ஊரும் சங்கமும் உள்ளவர்கள். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.