கிணற்று நீச்சல் கடலுக்கு ஆகாது

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துக் குழந்தைகளுக்குக் கடல் என்றால் ஒரு பித்து. இருக்காதா பின்னே? சுற்றிப் பார்த்தால் மலை, மரவள்ளிக் காடு, கோழிப் பண்ணை. தண்ணீர் என்றால் கிணறு, வாய்க்கால், மிஞ்சினால் மோகனூர்க் காவிரி. லீவு விட்டதும், "அம்மா, கடல் பார்க்கப் போலாம்மா" என்று நச்சரிப்பார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன் என் அனுபவத்தைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள், சகோதரிகளே.

என் மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். என் கொழுந்தனார் நீச்சலில் சூரர். சிறு வயதிலேயே முதுகில் சுரைக்குடுவை கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பழகியவர். "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேனில்ல?" என்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அலை அதிகம் அடிக்காத இடமாகப் பார்த்துத்தான் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர்தான். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்! அவர் கரையைப் பார்த்து நீந்த நீந்த, தூரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் போட்ட கூச்சலில், வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் மிதவையோடு பாய்ந்தார். நேராகக் கரைக்கு வராமல், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போய், அப்புறம் திரும்பிக் குழந்தையை என் மடியில் போட்டார். அவள் இருமி அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. "ஏம்மா, உங்க ஊர்க் கிணறு நிக்கிற தண்ணி. இது ஓடுற தண்ணி. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார் அவர். இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

விவரம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? அது சில இடங்களில் ஒன்று சேர்ந்து, குறுகலான வாய்க்கால் மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும், தண்ணீர் சற்றுக் கலங்கலாகவும் இருக்கும். நாமும் 'இதுதான் நல்ல இடம்' என்று இறங்கி ஏமாந்து போவோம். இந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் இழுத்துப் போகும். எதிர்த்து நீந்தினால் கை சோர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி ஆட்டி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

அந்தப் பயத்திலேயே பல வருஷம் கடல் பக்கமே போகவில்லை. இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்து, சின்னவனின் தொல்லை தாங்காமல் கோடியக்கரை போனோம். திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பயணம். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, நடுவில் காடு! 1967ல் சரணாலயமாக அறிவித்த இடம் இது. முறுக்கிய கொம்போடு வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. காட்டில் மட்டக்குதிரைகள் கூட உண்டு. சதுப்பு நிலத்தில் பூநாரைகள் நிற்பதைப் பார்த்துக் குழந்தைகள் கடலையே மறந்துவிட்டார்கள்.

வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்ததும் என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. 1930ல் திருச்சியிலிருந்து இங்கே நடந்து வந்து உப்பு எடுத்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர். நம்ம திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். அந்த யாத்திரைக்குப் பாட்டு எழுதித் தந்தவரும் நம்ம நாமக்கல் கவிஞர்தான். "எங்க அப்பாரு அந்த ஆசிரமத்து ராட்டையில நூல் நூத்தவருடா கண்ணு" என்று பேரனிடம் ஒரே கதை!

ஜனவரியிலிருந்து இந்தக் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் வந்து மணலில் முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வெகு தூரத்திலுள்ள மெக்சிகோ நாட்டின் கடற்கரைகளிலும் இதே இனம் ஆயிரக்கணக்கில் கரையேறுகிறதாம். 1990ல் அந்த நாட்டு அரசு ஆமை பிடிப்பதையே தடை செய்துவிட்டது. இரவில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வழி தவறிவிடும். நாம் வீசுகிற பாலிதீன் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமைகள் விழுங்கிவிடும். புளிசாதம் கட்டிப் போன பையைப் பத்திரமாக வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்:

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியது இந்த வேதாரண்யம் பக்கத்தைத்தான். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

* இறங்குமுன் உள்ளூர் மீனவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சிவப்புக் கொடி கண்டால் கால் கூட நனைக்காதீர்கள்.

* முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்க வேண்டாம். புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், சுடிதார் மேல்.

* குழந்தைகள் தண்ணீரில் நிற்கும்போது, ஒரு பெரியவர் வேறு வேலை எதுவும் பார்க்காமல் அவர்களையே பார்த்திருக்க வேண்டும். போனைப் பைக்குள் போடுங்கள்.

* யாராவது இழுபட்டால் நீங்களும் குதிக்காதீர்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். உதவிக்கு 112, கடலோரக் காவல்படைக்கு 1554.

இந்த முறை கொழுந்தனாரும் வந்திருந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகளைப் பிடித்திருந்தார். "உள்ளே போகலீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "இங்கிருந்தே நல்லாத் தெரியுது அண்ணி" என்றார். அடுத்த இதழில் சந்திப்போமா?