மாத்தூர் பள்ளிக்கூடம் எந்த ஊரைச் சேர்ந்தது?



மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவே இருக்கிற மாத்தூர் எந்த ஊரைச் சேர்ந்தது? சுலபமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் 2011-லிருந்து 2022 வரை, பதினோரு வருஷ காலம், எந்த அதிகாரியிடம் இதைக் கேட்டிருந்தாலும் "எந்தக் காரியத்துக்கு?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வீட்டு வரிக்கும் குப்பைக்கும் மாத்தூர் சென்னை மாநகரம். பட்டாவுக்கும் ஜாதிச் சான்றிதழுக்கும் 2018 வரை திருவள்ளூர் ஜில்லா, அதன்பின் சென்னை ஜில்லா. தொழிலாளியின் பிள்ளை படிக்கிற சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கடைசி வரை திருவள்ளூர் ஜில்லா!

"இதெல்லாம் ஆபீஸ் விவகாரம். எந்த ஆபீஸ் நடத்தினால் என்ன? பாடப் புத்தகம் ஒன்றுதானே, பரீட்சை ஒன்றுதானே?" என்று சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். புத்தகம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒழுகுகிற கூரையை யார் மாற்றுவது, கக்கூசுக்கு யார் தண்ணீர் விடுவது, காலியான வாத்தியார் வேலைக்கு யார் ஆள் போடுவது என்பதற்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் விடை கிடையாது. யாருடைய எல்லைக்குள் யாருடைய பள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஆகையால்தான் வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம்.

2011-ல் சென்னை மாநகராட்சி பெருத்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆயிற்று. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகளைக் கலைத்து மாநகராட்சியோடு சேர்த்தார்கள். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை நகராட்சிகளாக இருந்து போயின. மாத்தூர், இடையஞ்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம், தீயம்பாக்கம், வடபெரும்பாக்கம் முதலானவை ஊராட்சிகளாக இருந்து போயின. ஒரே உத்தரவில் கிராமத்தான் பட்டணத்தான் ஆனான். மனை போட்டு விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். வரிப் புத்தகம் மாநகராட்சிக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் போகவில்லை.

ஏன் போகவில்லை? இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கிராமத்து ஆரம்பப் பள்ளிகள் ஒரு காலத்தில் ஜில்லா போர்டுகளின் கையில் இருந்தன. போர்டுகள் கலைந்து, 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தபின், 1960, 61 வாக்கில் அவை பஞ்சாயத்து யூனியன்களிடம் சேர்ந்தன. 1981-ல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் சர்க்கார் ஊழியர்களானார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருமா என்று ஏங்கி நின்ற ஆசிரியனுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய உரிமை. அதைக் குறை சொல்லுகிறவன் உழைப்பாளி மக்களின் நண்பன் அல்ல. ஆனால் ஆசிரியர் சர்க்காருடையவர், கட்டடம் யூனியனுடையது என்று ஒரு பள்ளிக்கு இரண்டு எஜமானர்கள் அன்றே ஏற்பட்டுவிட்டார்கள். 2011-ல் மூன்றாவது எஜமானர் வந்து சேர்ந்தார். யூனியனின் எல்லை மாத்தூரை விட்டு அப்பால் போய்விட்டது. தன் எல்லையில் இல்லாத கட்டடத்துக்கு யூனியன் எதற்காகப் பணம் ஒதுக்கும்? தன் பெயரில் இல்லாத பள்ளிக்கு மாநகராட்சி எப்படிச் செலவெழுதும்? கட்டடம் உள்ளாட்சியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடக் கல்வி இலாகாவுக்கும் வழி உண்டு. மூன்று பேரும் சட்டப்படி சரி. மழைத் தண்ணீரில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தால் பிள்ளை படிக்க வேண்டியதுதான்!

வரி மட்டும் இப்படி வழி தவறவில்லை. சென்னை மாநகராட்சியின் சொத்து வரிக்குள்ளே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. 1920-ம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டத்தின் வழியில் வந்தது அது. உள்ளூர்ச் சபை உள்ளூர் மக்களிடம் வசூலித்து உள்ளூர்ப் பள்ளிக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் அந்த வரியின் தாத்பரியம். வாடகை வீட்டில் இருக்கிற கன்டெய்னர் யார்டு தொழிலாளி வரி கட்டுவதில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து அதையும் அவன் கையிலிருந்துதான் வாங்குகிறார். வசூலிப்பவர் எல்லைக்கு உள்ளே, பள்ளியை ஆளுகிறவர் எல்லைக்கு வெளியே என்றால், கல்வி வரி கட்டியவன் யாரைப் போய்க் கேட்பான்?

சட்டமாவது காப்பாற்றியதா? 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், தன் எல்லைக்குள் குடியிருக்கும் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் "உள்ளாட்சி அமைப்பு" பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது. பிள்ளையின் உரிமை பற்றிய புகாரையும் அதனிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். உள்ளாட்சி அமைப்பு என்றால் யார்? மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து என்று பட்டியல் போட்டுவிட்டு, பள்ளியின் மீது நிர்வாக அதிகாரம் உள்ள வேறு அமைப்பும் அதில் அடங்கும் என்று சட்டமே சேர்த்துச் சொல்லுகிறது. எல்லைகள் ஒன்றாக இருக்கும் ஊரில் இதனால் கெடுதல் இல்லை. மாத்தூரைப் போன்ற ஊரில் என்ன ஆகும்? குழந்தை குடியிருப்பது ஒருவரின் எல்லை, பள்ளி இன்னொருவரின் அதிகாரம். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டச் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. வேலை தேடிக் குடும்பத்தோடு வந்து, வருஷத்துக்கு இரண்டு வீடு மாறுகிற கூலித் தொழிலாளியின் பிள்ளை எந்தப் பட்டியலிலும் விழாமல் நழுவிப் போக இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

போதாக்குறைக்கு, கேள்வி கேட்கச் சபையும் இல்லை. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது, தனி அதிகாரி ராஜ்யம்! ஊராட்சியாக இருந்தபோது கிராம சபையில் எழுந்து நின்று "பள்ளிக்கூடத்துச் சுவர் என்ன ஆயிற்று?" என்று கேட்ட மாத்தூர்க்காரனுக்கு, மாநகரவாசியானதும் அந்த வாயையும் கட்டிப்போட்டார்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு வரைபடம்

இந்தக் கோடுகளை மாற்றுவது கஷ்டம், காலம் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லுவார்கள். 2018-ஐப் பாருங்கள். அந்த வருஷம் மே மாதம் சர்க்கார் கல்வி இலாகாவின் நிர்வாகத்தையே புரட்டிப் போட்டது. ஆரம்பக் கல்வி அதிகாரிகளை முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்து, தமிழ்நாடு முழுவதும் 52 புதிய கல்வி மாவட்டங்களைப் படைத்தது. அதே 2018-ல் வருவாய் இலாகா சென்னை ஜில்லாவை விரித்து, மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரையும் அதற்குள் கொண்டுவந்தது. ஒரே சர்க்கார், ஒரே கோட்டை, ஒரே வருஷம், இரண்டு வரைபடங்கள்! இரண்டையும் ஒரு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? வரி வசூலுக்கும் நிலப் பதிவுக்கும் மாத்தூர் சென்னையாயிற்று. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மட்டும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திருவள்ளூருக்கே காகிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். முடியாமல் அல்ல தோழர்களே, அவசரம் இல்லாததால்தான் செய்யவில்லை. அந்தப் பள்ளிகளில் படிப்பது யார் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லையும் வரியும் பள்ளியும் ஒரே சபையின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே சென்னையில் அத்தாட்சி இருக்கிறது. 1920-ல், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடத் தீர்மானித்தார்கள். தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. செய்தது நல்ல காரியம். பள்ளி தன்னுடையது, பணம் தன்னுடையது, தீர்மானம் போடும் சபையும் தன்னுடையது. ஆகவே கை நீட்ட முடிந்தது. அதை 1925-ல் நிறுத்த வைத்தது யார்? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக்கூடாது என்ற வெள்ளைக்கார சர்க்கார்தான்! இன்று தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கிறதே, அதன் வேர் அந்த ஆயிரம் விளக்குப் பள்ளியில் இருக்கிறது.

சமீப உதாரணமும் உண்டு. பிரெஞ்சு வளர்ச்சி நிறுவனத்தின் பண உதவியோடு நடக்கும் ஒரு திட்டத்தில் சென்னை 2019-ல் தேர்வாயிற்று. மாநகராட்சிப் பள்ளிகளில் 28 பள்ளிகளை எடுத்து மேம்படுத்த ஏற்பாடு. தன் பள்ளிகளிலிருந்துதானே மாநகராட்சி பொறுக்க முடியும்? அப்போது மாத்தூர் மாநகராட்சிக்குள் எட்டு வருஷமாக இருந்தது. மாத்தூர்ப் பள்ளி இல்லை. பட்டியலுக்குப் பெயர் கொடுக்கக்கூட யோக்கியதை இல்லாத இடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்படியானால் அந்தந்த ஊர் வரியிலேயே அந்தந்த ஊர்ப் பள்ளி நடக்கட்டும்" என்று யாராவது கிளம்பினால், அதுவும் நமக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் அந்தக் கூத்தைத்தான் ஆடுகிறார்கள். அங்கே ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சபை, தனி எல்லை, தனிச் சொத்து வரி. நகரத்தின் எல்லை ஒன்று, பள்ளியின் எல்லை வேறொன்றாக இருப்பது அங்கே சகஜம். பணக்காரன் வீட்டு வரி பணக்காரப் பிள்ளையின் பள்ளிக்கே போகிறது. டெட்ராய்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார்த் தொழிலாளிகளின் நகரம். வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போய்விட, நகரத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிகளின் பிள்ளைகளே மிஞ்சினார்கள். சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து எல்லாப் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்கக் கீழ்க்கோர்ட்டு வழி சொன்னது. 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நாலு பேர் மறுபக்கமுமாக நின்று, கூடாது என்றது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாதாம்! அங்கே கோடு பணக்காரனுக்கு மதில் சுவராயிற்று. மாத்தூரில் அதே கோடு அதிகாரிக்கு ஒளிந்துகொள்ள மறைவாயிற்று.

ஆகவே நாம் கேட்பது இது: சம்பளமும் கட்டட நிதியும் மாநில சர்க்கார் தரவேண்டும். ஏழை வார்டு, பணக்கார வார்டு என்ற பேதம் அதில் கூடாது. ஆனால் பள்ளிக்குப் பதில் சொல்லுகிற சபை, மக்கள் ஓட்டுப் போட்ட சபையாக, ஓட்டின் எல்லையும் பள்ளியின் எல்லையும் ஒன்றாக இருக்கவேண்டும்.

இப்போது சேரப் போகும் ஊர்கள்

2022-ல்தான் சர்க்காருக்கு விழிப்பு வந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகளிலுள்ள 139 பள்ளிகளை, ஏற்கனவே 281 பள்ளிகளை நடத்தி வந்த மாநகராட்சியிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. வரவேற்கிறோம். 2011-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பத்தாவது தாண்டிவிட்டது என்பதையும் சொல்லி வைக்கிறோம். பெயர்ப் பலகையில் "சென்னைப் பள்ளி" என்று எழுதிவிட்டால் கூரை தானாக மாறிவிடாது. ஆனால் இனி மாத்தூரில் வரி வாங்குகிறவரும் பள்ளி நடத்துகிறவரும் ஒருவரே. கைகாட்ட அடுத்த ஆபீஸ் கிடையாது.

மற்ற ஊர்களுக்கு? 2025 தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று விவசாயத் தொழிலாளிகள் பல ஊர்களில் எதிர்த்து நின்றார்கள். நியாயமான எதிர்ப்பு. அதோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்கிறோம். அரசியல் சட்டத்தையே பாருங்கள். பஞ்சாயத்துகளுக்குரிய பதினோராவது அட்டவணையில் "ஆரம்ப, இடைநிலைப் பள்ளிகள் உட்படக் கல்வி" என்று பச்சையாக எழுதியிருக்கிறது. நகரங்களுக்குரிய பன்னிரண்டாவது அட்டவணையிலோ, கலை, கல்வி, அழகுணர்ச்சி ஆகியவற்றை வளர்ப்பது என்ற மழுப்பல்தான். பள்ளிக்கூடம் என்ற சொல்லே கிடையாது. கிராமம் நகரமாகிற அன்று, காகிதத்தில் இருந்த உரிமையும் இப்படி மெலிகிறது.

ஊராட்சியைச் சேர்க்கும் உத்தரவிலேயே பள்ளி யாருடையது, கட்டடமும் நிலமும் யார் பெயரில், பழுது பார்க்கும் பணம் எந்தத் தலைப்பில், ஆசிரியர்களின் சீனியாரிட்டி என்ன ஆகும் என்பதையும் எழுதவேண்டும். தனியாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்தாவை ஏற்கக்கூடாது. மாத்தூர் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2022-லிருந்து நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று வார்டுகளில் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குச் சொத்து வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வார்டில் கல்வி வரி எவ்வளவு வசூலாயிற்று, இந்த வார்டுப் பள்ளிக்கு எவ்வளவு செலவாயிற்று, பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். வரும் பதிலை நோட்டில் எழுதி, கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.