கூரை நின்றால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் இருக்கிறது புளோரிடா மாநிலம். மூன்று பக்கம் கடல். பனி விழுவது அபூர்வம். மாநில வருமான வரியும் கிடையாது. இதனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்க் குடியேறுகிறார்கள். அவர்களுக்கென்றே தனிக் குடியிருப்புகள் உண்டு. நூற்றுக்கு 80 வீடுகளில் 55 வயதான ஒருவராவது இருந்தால், பிள்ளைகுட்டி உள்ள குடும்பத்துக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதற்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டமே வழி விட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், முதியவர்கள் தேடிப் போகும் அதே கரையைத்தான் 'ஹரிக்கேன்' எனும் பெரும்புயலும் தேடி வருகிறது!

புதிதாகக் கட்டப்படும் இந்தக் குடியிருப்புகள் புயலைத் தாங்குமா? சிவில் படிக்கிற எவனும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பான். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் கூரையோடு பேச்சை முடித்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

1992 ஆகஸ்ட் 24. ஆண்ட்ரூ புயல் தெற்குப் புளோரிடாவை அடித்தது. ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த 1,176 மொபைல் ஹோம்களில் 1,167 அழிந்தன. மொபைல் ஹோம் என்றால் தொழிற்சாலையில் செய்து, இழுத்து வந்து இறக்கி வைக்கும் லேசான வீடு. விலை குறைவு என்பதால் ஓய்வு பெற்றவர்கள் பலர் வாங்குவது அதைத்தான். சரி, அது லேசான வீடு, போச்சு. நன்றாகக் கட்டியதாகச் சொன்ன வீடுகளும் ஏன் போயின? கூரைப் பலகையை ஆணியால் அறையாமல் மெஷினை வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். அதிலும் பல பின்கள் கைமரத்தில் இறங்கவே இல்லை. பக்கத்தில் வெறுமனே தொங்கின. நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. பூசி மறைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் கதை அதேதான்.

காற்று கூரையை அமுக்கி உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தூக்குகிறது. மேலே வேகமாக ஓடும் காற்று கூரையை இழுக்கும். ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். அப்புறம் கூரை எப்படி நிற்கும்? கூரை போனால் சுவருக்கும் தலைப்பிடிப்பு போச்சு. ஆகவே கைமரத்தைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் இரும்புப் பட்டையாலும் கம்பியாலும் இடைவிடாமல் கட்ட வேண்டும். ஜன்னல் உடையவே கூடாது. ஆண்ட்ரூ கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைச் சட்டமாக்க அவர்களுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. 2002 மார்ச் முதல் புளோரிடா முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. மயாமிப் பகுதியில் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் பரீட்சையைக் கேளுங்கள்: சுமார் 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை, விநாடிக்கு 50 அடி வேகத்தில், பீரங்கி மாதிரி ஒரு குழாயிலிருந்து கண்ணாடி மேல் சுடுவார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், ஓட்டை விழக் கூடாது. நம் செமஸ்டர் பரீட்சை தேவலாம்!

பலன் கிடைத்ததா? சும்மா சொல்லக் கூடாது, கிடைத்தது. பன்ட்டா கோர்டா என்பது முதியவர்கள் நிறைந்த ஒரு கடலோர ஊர். 2004-ல் சார்லி புயல் அதை நொறுக்கியது. புது விதிப்படி மறுபடி கட்டினார்கள். 2022 செப்டம்பர் 28-ல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தோடு கரையேறிய இயன் புயல் அதே வட்டாரத்துக்கு வந்தபோது, புது வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாக பாப்காக் ராஞ்ச் என்று ஒரு புது ஊர். முதியவர்களுக்கு மட்டும் என்றில்லை; ஆனால் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 25 அடிக்கு மேலே இடம் பார்த்து, கரண்ட் கம்பியைப் பூமிக்கடியில் புதைத்து, மழைநீர் போக ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் விட்டு, பக்கத்திலேயே பெரிய சூரிய மின் நிலையம் வைத்துக் கட்டிய ஊர். இயன் அடித்த இரவில் அங்கே விளக்கு அணையவில்லை. அந்த ஊருக்கு ஒரு சலாம் போடலாம்!

ஆனால் நண்பர்களே, அதே புயலில் புளோரிடாவில் செத்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பாப்காக் ராஞ்சில் வீடு வாங்கப் பணம் வேண்டும். பணம் இல்லாத கிழவர் இன்றும் மொபைல் ஹோமில்தான் இருக்கிறார். 2024 அக்டோபர் 9-ல் மில்ட்டன் புயல் மேற்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் அருகே டொர்னேடோ எனும் சுழற்காற்று கிளம்பி, ஓய்வு பெற்றவர்கள் வாழ்ந்த ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பில் ஆறு பேரைக் கொன்றது. 'புதிய குடியிருப்புகள் தாங்குகின்றன' என்று பெருமை பேசுகிறவர்கள், பழையவற்றில் யார் இருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டாமா?

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. முதியவர்களைக் கொல்வது காற்று மட்டும் இல்லை, காற்று நின்ற பிறகு வரும் நாட்களும்தான். 2017 செப்டம்பரில் இர்மா புயலில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. ஹாலிவுட் என்ற புளோரிடா நகரத்தில் (சினிமா ஹாலிவுட் வேறு) ஒரு முதியோர் மருத்துவ இல்லம். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரை அப்படியே இருந்தது. ஏ.சி. மட்டும் நின்றுபோனது. மூன்றாம் நாள்தான் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அந்த வெக்கையால் 12 பேர் இறந்தார்கள். எதிர்ச் சாரியில் இருந்த ஆஸ்பத்திரியில் கரண்ட் இருந்தது! இர்மாவுக்குப் பின் 90 நாட்களில் புளோரிடாவின் முதியோர் மருத்துவ இல்லங்களில் தங்கியிருந்தவர்களிடையே, 2015-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 433 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

அதன்பிறகு 2018-ல் சட்டம் வந்தது. முதியோர் மருத்துவ இல்லங்களும், பராமரிப்பு இல்லங்களும் ஜெனரேட்டரும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்கு உள்ளே சுமார் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் கோல்ஃப் மைதானமும் நீச்சல் குளமும் காட்டி விற்கிறார்களே, அந்த ஓய்வுக் குடியிருப்புகளுக்கு இது பொருந்தாது. அங்கே இருப்பவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களாம். அதனால் அவை சாதாரண வீடுகள் கணக்காம்.

இந்த வாதத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 55 வயதில் கார் ஓட்டிக்கொண்டு வந்து வீடு வாங்கினவர், 80 வயதிலும் அதே வீட்டில்தான் இருப்பார். அப்போது ஆக்ஸிஜன் மெஷின் கரண்டில் ஓடும், இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கும், பிள்ளைகள் ஆயிரம் மைல் தள்ளி இருப்பார்கள். வீடு மட்டும் 2002-ஆம் ஆண்டு விதிப்படி ஆடாமல் நிற்கும்.

செலவு கூடும் என்று பில்டர் சொல்வார். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வேண்டும் என்று யார் கேட்டது? பல குடியிருப்புகளில் ஒரு பெரிய கிளப் கட்டடம் இருக்கிறது. அதற்கு ஒரு ஜெனரேட்டர், 96 மணி நேரத்துக்கு எரிபொருள், ஒரு குளிர்ந்த ஹால், மருந்து வைக்க ஃபிரிட்ஜ், மெஷின் செருக நாற்பது பிளக் பாயின்ட். ஜன்னல் கண்ணாடியைச் சுட்டுப் பார்த்து அனுமதி கொடுக்கிற அரசாங்கம், இதையும் பார்த்த பிறகே குடியேற அனுமதி கொடுக்கட்டும். வருஷத்தில் ஒரு நாள், ஜூன் மாதம் புயல் பருவம் தொடங்குமுன், மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அந்த ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று இன்ஸ்பெக்டர் நின்று பார்க்கட்டும்.