ஒருநாட் பூச்சிக்கு ஒரு தனி வருணம்

மழைக்கால இரவிலே விளக்கை நாடிவந்து வீழும் மெல்லிய சிறகுடைய பூச்சிகளையெல்லாம் ஈசல் என்றே அழைத்துவிடுகின்றோம். அவற்றுள், சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்தி, நீண்ட வாலிழைகள் இரண்டோ மூன்றோ தாங்கி அமர்ந்திருப்பது ஈசலன்று. ஆங்கிலேயர் மேபிளை என வழங்கும் நீர்ப்பூச்சி அது.

1758 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு இதற்கு எபிமெரா என்னுஞ் சாதிப்பெயரை இட்டார். ஒரு நாளுக்குரியது என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. பெயர் பொருந்திற்று, கொடுத்த இடந்தான் பொருந்தவில்லை. வலைபோன்ற சிறகு நரம்புகளைக் கண்ட அவர், தும்பியையும் இதனையும் நியூரொப்டெரா என்னும் ஒரே வருணத்தில் அடக்கிவிட்டார். சிறகை மாத்திரம் நோக்கின் நாமும் அவ்வாறே செய்திருப்போம்.

இதன் வாழ்க்கையோ வேறு கதை கூறுகின்றது. அணங்குப் பருவத்தில் நீரினுள்ளே பல மாதங்கள், வயிற்றின் இருமருங்கிலுமுள்ள பூக்களாற் சுவாசித்து வளர்கின்றது. பின்பு தோலுரித்து, மங்கலான சிறகுடன் வெளியே பறக்கின்றது. சிறகு பெற்ற பூச்சி மீண்டுந் தோலுரிப்பதில்லை என்று வகுப்பிலே கற்பித்துவரும் நமக்கு இங்கேதான் சங்கடம்! இது மறுபடியும் ஓரிடத்தில் அமர்ந்து, சிறகின் தோலையுங்கூட உரித்தெறிந்து, பளபளக்குஞ் சிறகோடு எழுகின்றது. இன்று வாழும் பூச்சிகளில் வேறெவற்றிற்கும் இவ்வழக்கமில்லை. நிறையுடலியான பின் உணவும் உண்பதில்லை. இணைந்து முட்டையிடுவதே அதன் எஞ்சிய வேலை.

இப்பொழுது எபிமெரொப்டெரா என்னுந் தனி வருணம் இதற்குண்டு. 3,000 இற்கு மேற்பட்ட இனங்கள் அதில் அடங்குகின்றன. ஆற்றோரத்து வீடுகளில் விளக்கடிச் சுவரை விடியற்காலையிலே பாருங்கள். கழற்றிய தோல் ஒட்டியிருக்கும். சிறகின் தோலும் அதிலே சுருண்டு கிடக்கும்.