இருபத்து மூன்று நாள்களும் நாற்பது ஆண்டுகளும்

சீனாவின் தென்கிழக்குக் கடலோர மாகாணமான ஃபுஜியானின் தலைநகர் ஃபூஜோவில், சிங் அரசமரபுக் கால உயர் அலுவலரான லின் செஷூவின் (1785–1850) நினைவைத் தாங்கி நிற்கும் இடங்களில் மூன்று குறிப்பிடத்தக்கவை: அவர் பிறந்த வீடு, பதவிக் காலத்தில் அவருடைய குடும்பம் வாழ்ந்த வீடு, 1905இல் அவருக்கென எழுப்பப்பட்ட நினைவாலயம். இறந்த பெரியவரின் பெயர் பொறித்த பலகையை நிறுவி வழித்தோன்றல்கள் படையலிட்டு வணங்கும் இத்தகைய ஆலயங்கள் சீன மரபில் கோயிலுக்கும் குடும்பச் சொத்துக்கும் இடைப்பட்டவை. பழைய அலுவலர் குடும்பங்களின் வீடுகள் நெருங்கி நிற்கும், ‘மூன்று வீதிகள், ஏழு சந்துகள்’ எனப் பெயர்பெற்ற பகுதியை ஒட்டி அமைந்த இந்த ஆலயம் 1982இல் நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. ஃபூஜோவுக்கு வரும் பயணிகள் பலர் இதை மட்டுமே பார்த்துத் திரும்புகின்றனர். ஆனால் அந்த மனிதரை அறிய விரும்புவோர் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குவதே முறை.

காரணம், ஆலயத்தில் இருப்பவர் பேரரசின் தூண். பிறந்த வீட்டில் இருப்பவர் ஏழை ஆசிரியரின் மகன். தந்தை லின் பின்ரி தொடக்கநிலைத் தேர்வில் தேறியும், பார்வை மங்கியதால் மேல்நிலைத் தேர்வுகளைக் கைவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அந்த வருமானம் பெரிய குடும்பத்துக்குப் போதாததால், தாயும் பெண் மக்களும் காகிதப் பூக்கள் செய்து விற்றனர். அப்படிச் சேர்ந்த பணத்தில் படித்த லின் செஷூ, மாகாண அளவிலான ‘ஜூரென்’ தேர்வில் 1804இலும், பேரரசின் தலைநகரில் நடந்த மிக உயர்ந்த ‘ஜின்ஷி’ தேர்வில் 1811இலும் தேறி, அரச ஆவணங்களை எழுதித் தரும் அறிஞர் அவையான ஹான்லின் கழகத்தில் இடம்பெற்றார். அங்கிருந்து தொடங்கிய அவருடைய பணி வாழ்க்கை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீண்டது.

நினைவாலயத்தின் முகப்புச் சுவரிலேயே அந்த நாற்பது ஆண்டுகளில் இருபத்து மூன்று நாள்கள் மட்டும் புடைப்புச் சிற்பமாக எழுந்து நிற்கின்றன. 1839 ஜூன் 3 முதல் 25 வரை, குவாங்ஜோவுக்குத் தெற்கே முத்தாற்றின் கழிமுகத்திலுள்ள ஹுமெனில், ஆங்கிலேய வணிகர்களிடமிருந்து பறிமுதல் செய்த அபினியை லின் அழித்த நிகழ்வு அது. அந்த அபினி இந்தியாவில் விளைந்தது. வங்காளப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தின்கீழ் பயிரிடப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டதும், மத்திய இந்தியாவின் மால்வாவிலிருந்து பம்பாய் வழியே கப்பலேறியதும் சீனக் கரையில் கள்ளச் சரக்காக இறங்கின. வெள்ளி நாட்டைவிட்டு வடிந்து, படைவீரரும் அலுவலரும் புகைக்கு அடிமையான நிலையில், 1838 இறுதியில் தாவ்குவாங் பேரரசர் லின்னைச் சிறப்பு ஆணையராக நியமித்தார். 1839 மார்ச்சில் குவாங்ஜோ சேர்ந்த அவர், வெளிநாட்டு வணிகர்களின் குடியிருப்பை முற்றுகையிட்டு, பிரித்தானிய வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட்டை 20,283 பெட்டி அபினியை ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

அபினியை அவர் எரித்தார் என்று பரவலாக எழுதப்படுவது தவறு. எரித்தால் உருகி மண்ணில் ஊறும் அபினியின் ஒரு பகுதியை மக்கள் தோண்டி மீட்டுவிடுவர் என்பதை முன்பே அறிந்திருந்ததால், கடலோரத்தில் இரண்டு பெருங்குழிகள் வெட்டி, அடியில் கல் பாவி, பக்கங்களில் பலகை அடித்து, ஒருபுறம் நீர் வரும் வாய்க்காலும் மறுபுறம் கடலை நோக்கிய மதகும் அமைக்கச் செய்தார். உப்பு நீரில் அபினி உருண்டைகள் வெட்டிப் போடப்பட்டு ஊறியபின் சுண்ணாம்புக் கட்டிகள் கொட்டப்பட்டன. குழிக்குக் குறுக்கே போட்ட பலகைகளில் நின்ற கூலியாட்கள் கொதித்த கலவையைக் கிளறிக் கரைக்க, நீர் வற்றும் நேரம் பார்த்து மதகு திறக்கப்பட்டது. இப்படிக் கரைந்தது 23 லட்சத்து 76 ஆயிரம் ஜின். ஜின் என்பது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சீன எடை. திருட்டு நடந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்க்க வந்த அமெரிக்கப் பாதிரியார் பிரிட்ஜ்மன், வேலை நடந்த ஒழுங்கைக் கண்டு வியந்து எழுதினார்.

அந்த ஒழுங்கு ஹுமெனில் திடீரெனப் பிறந்ததன்று. 1832இல், மஞ்சளாற்றின் கரைகளைக் காக்கும் பொறுப்பில் இருந்தபோது, உடைப்பை அடைக்கச் சேர்த்துவைக்கப்பட்ட சோளத்தட்டைப் போர்கள் வெறும் கணக்கில்தான் உள்ளனவா, உண்மையிலும் உள்ளனவா என்று கரை நெடுகச் சென்று ஒவ்வொரு போராகச் சோதித்தவர் அவர். பின்னர் ஜியாங்சு மாகாணத்தின் ஆளுநராகத் தூர்ந்துபோன ஆறுகளைத் தூர்வாரச் செய்தார். குழி, மதகு, வாய்க்கால், கணக்கு ஆகியவற்றில் பழகிய நீர்ப்பணி அலுவலரின் கையே ஹுமெனில் வேலை செய்தது. சுவரில் வீரரைச் செதுக்கிய சிற்பிகள் இந்தப் பொறியாளரைக் கவனியாது விட்டது பெரிய இழப்பு.

லின்னின் பிழைகளையும் மறைக்காமல் பேசுவதே அவருக்குச் செய்யும் நியாயம். சீனத் தேயிலையும் ரேவற்சினியும் கிடைக்காவிட்டால் வெளிநாட்டார் உயிர் வாழ முடியாது என்றும், ஆங்கிலேயப் படைவீரரின் இறுகக் கட்டிய கால்கள் தரையில் சண்டைக்கு உதவா என்றும் அவர் தொடக்கத்தில் நம்பினார். விக்டோரியா அரசிக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. எலியட், ஒப்படைக்கப்பட்ட அபினிக்குப் பிரித்தானிய அரசே பொறுப்பு என்று வணிகருக்கு வாக்களித்ததன் மூலம் கள்ளச் சரக்கை அரசின் சொத்தாக மாற்றிவிட்டதையும் அவர் உரிய முறையில் எடைபோடவில்லை. ஆயினும், தம் அறியாமையை உணர்ந்து அதை நீக்க வழி தேடினார் என்பதில்தான் அவர் தம் காலத்துச் சக அலுவலர்களிலிருந்து வேறுபடுகிறார். மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி மேலைச் செய்தித்தாள்களைச் சீனமாக்கச் செய்தார். நாடுகளிடையேயான சட்டம் பற்றி வாட்டெல் எழுதிய நூலின் பகுதிகளை அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கரிடம் மொழிபெயர்த்து வாங்கினார். ஹ்யூ மரேயின் புவியியல் கலைக்களஞ்சியத்திலிருந்து உலக நாடுகளைப் பற்றிய தொகுப்பொன்றை உருவாக்கினார். நினைவு மண்டபம் ஒன்றில் எதன்முன் நெடுநேரம் நிற்க வேண்டும் என்று கேட்டால், பீரங்கியின் முன் அன்று, இந்தத் தாள்களின் முன் என்பதே சரியான விடை.

போர் வந்தது. 1840இல் ஆங்கிலேயக் கடற்படை வடக்கே பெய்ஜிங்கை அணுகியதும் பேரரசர் கலங்கி லின்னைப் பதவி நீக்கினார். மறு ஆண்டில் பேரரசின் மேற்கு விளிம்பான ஷின்ஜியாங்கின் இலிக்கு நாடு கடத்த ஆணை பிறந்தது. செல்லும் வழியில் நண்பர் வெய் யுவானிடம் தம் தொகுப்பை ஒப்படைத்தார். வெய் யுவான் எழுதிய கடல்சார் நாடுகளின் விளக்க நூல் அதிலிருந்தே வளர்ந்தது. 1841 கோடையில் கைஃபெங் அருகே மஞ்சளாறு கரையை உடைக்கவே, தண்டனை பெற்றவரை அரசு வழியில் நிறுத்தி அடைப்பு வேலைக்கு அழைத்தது. அடைப்பு முடிந்ததும், மேற்பார்த்த அமைச்சர் வாங் டிங் மன்னிப்புக் கோரியும் இரங்காமல் மீண்டும் இலிக்கே அனுப்பியது. பயனுள்ள மனிதர் என்று அறிந்தே தண்டித்த இந்தக் கொடுமையின் நடுவில், 1842இல் போரை முடித்துவைத்த நான்ஜிங் ஒப்பந்தம் சீனாவின் மேல் சுமத்திய 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலரில் 60 லட்சம், ஹுமெனில் கரைந்த அபினியின் விலையாக அமைந்தது.

இலியில் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. 1844இல் அங்கு வெட்டப்பட்ட பாசனக் கால்வாயின் மிகக் கடினமான தலைப்பகுதியைத் தாமே முன்வந்து ஏற்று முடித்தார். 1845இல் பாலைவனச் சோலை ஊர்களைச் சுற்றிப் புதிதாகப் பயிரேறிய நிலங்களை அளந்தார். துர்ஃபானில் மலையடிவாரத்து நீரைத் தொடர் கிணறுகளால் இணைந்த சுரங்கத்தின் வழியே ஆவியாகாமல் வயலுக்குக் கொண்டுவரும் ‘காரேஸ்’ அமைப்பைக் கண்டு வியந்து, அதைப் பரப்ப முயன்றார். அவற்றை ‘லின் ஐயாவின் கிணறுகள்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அவர் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை, உள்ளூர் உழவர்களிடம் கற்றுக்கொண்டார் என்பதே உண்மை, அதுவே அவருக்குக் கூடுதல் பெருமை.

1845இல் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டு, மாகாண ஆளுகைகளில் உழைத்து, உடல் நலிந்து ஓய்வுபெற்ற அவர் 1850இல் ஃபூஜோ திரும்பினார். அப்போது அந்த ஊர் நான்ஜிங் ஒப்பந்தத்தால் திறக்கப்பட்ட ஐந்து துறைமுகங்களில் ஒன்றாகியிருந்தது. ஊரின் நடுவே ஊஷி குன்றிலுள்ள பௌத்த மடமொன்றில் ஆங்கிலேயர் இருவர் குடியேறியதை எதிர்த்து ஊர்ப் பெரியவர்களைத் திரட்டினார் லின்; மோதலைத் தவிர்க்க நினைத்த மாகாண ஆளுநர் ஷூ ஜியூவோ உலகப் புவியியல் நூலொன்றை அப்போதுதான் எழுதி வெளியிட்டவர். வெளியுலகை அறிய முனைந்த இருவர் எதிரெதிரே நின்ற இந்த வழக்கில் ஒருவரை மட்டும் அறிவாளி என்று சொல்வது எளிதன்று. அதே ஆண்டு, குவாங்ஷியில் மூண்ட கிளர்ச்சியை அடக்க மறுபடி அழைப்பு வந்தது. புறப்பட்டவர் நவம்பர் 22 அன்று குவாங்டாங்கின் பூனிங்கில் இறந்தார்.

ஆலயத்தின் கல்வெட்டு மண்டபத்தில் பேரரசின் இரங்கலாணையும் படையல் உரையும் பொறித்த மூன்று கற்கள் நிற்கின்றன. உயிரோடிருந்தபோது தண்டித்த அரசு இறந்தபின் தந்த மதிப்பு அது. அங்கிருந்து சிறிது தூரத்தில், அவருடைய சகோதரியின் மகனும் மருமகனுமான ஷென் பாவ்ஜெனின் வீடு உள்ளது. 1866இல் ஃபூஜோவின் மாவெய்யில் நவீனக் கப்பல் கட்டும் தளத்தை நிறுவிய சூவோ சோங்தாங், இடம்பெயர நேர்ந்ததும் அதன் பொறுப்பை இந்த ஷென்னிடமே ஒப்படைத்தார். அதே சூவோவை 1850 தொடக்கத்தில் சாங்ஷா நகரருகே படகொன்றில் சந்தித்து, ஷின்ஜியாங் பற்றிச் சேர்த்திருந்த குறிப்புகளை லின் கொடுத்திருந்தார். ஆகவே பிறந்த வீடு, ஆலயம், ஷென்னின் வீடு, மாவெய் கப்பல் தளம் என்ற வரிசையில் ஃபூஜோவைப் பார்ப்பது நல்லது.